குளிர் மலையிலும் நிற்காத வியர்வை: அறிந்துகொள்வதும் அடக்குவதும்

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில், ஸ்வெட்டர் போட்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் உள்ளங்கை வேர்த்து ஊற்றுகிறதென்றால், அதற்கு வெயிலையோ உழைப்பையோ காரணம் சொல்ல முடியாது. கொழும்பில் இருப்பவர் "வெக்கைதான்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடக்கூடிய ஒன்றை மலையகத்தில் குளிரே காட்டிக்கொடுத்துவிடும். இருந்தும் ஹட்டன் பக்கத்திலும் பண்டாரவளைப் பக்கத்திலும் "உடம்புச் சூடு" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தபடியே காலத்தை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கொத்தமல்லியால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வியர்வை சூட்டால் வருவதல்ல, நரம்பால் வருவது. அதற்கு வேலை செய்யும் மருந்து இருக்கிறது. "போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை" என்று கைவிடுகிறவர்களில் பலருக்குப் பிழையாகிப்போனது மருந்தல்ல, அதைப் பூசிய விதம்.

உள்ளே நடப்பது என்ன?

நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், நெற்றி ஆகிய இடங்களில் அவை நெருக்கமாக இருக்கும். நம் விருப்பத்தைக் கேளாமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து இந்தச் சுரப்பிகளை வேலை வாங்குகின்றன. கை காலில் உள்ள சுரப்பிகள் சூட்டைவிட மனநிலைக்கே அதிகம் அசைந்துகொடுக்கும். மிகை வியர்வை உள்ளவரின் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கையிலும் அளவிலும் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கும். நரம்பு அனுப்பும் கட்டளைதான் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஆகவே கை வேர்க்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது அநியாயம். பயத்தால் கை வேர்ப்பதைவிட, கை வேர்க்குமே என்ற பயம்தான் அந்தப் பிள்ளைக்கு அதிகம்.

முதலில் வகையைப் பிரியுங்கள்

வேறு நோய் எதுவும் இல்லாமல் தானாக வருவது ஒரு வகை. உள்ளே இருக்கும் நோயோ, குடிக்கும் மருந்தோ கொண்டுவருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் வழி வேறு.

தானாக வருவதை அடையாளம் காண 2004 இல் தோல் நோய் நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. வெளிப்படையான காரணம் இல்லாமல் ஓரிடத்தில் 6 மாதத்துக்கு மேலாக அதிகம் வேர்க்க வேண்டும். அதோடு பின்வரும் ஆறில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: இரண்டு பக்கமும் ஒரே அளவாக வேர்ப்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது, கிழமைக்கு ஒரு தடவையாவது வருவது, 25 வயதுக்கு முன் தொடங்கியது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருப்பது, தூக்கத்தில் நின்றுவிடுவது.

கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே சோதிக்கலாம். அவர் ஆழ்ந்து தூங்கும்போது இன்னொருவர் மெதுவாக உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கட்டும். காய்ந்திருந்தால் பெரும்பாலும் தானாக வரும் வகைதான். தூக்கத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, படுக்கை விரிப்பு மாற்ற வேண்டிய அளவுக்கு நனைந்தால் இந்தக் குறிப்பில் சொல்லும் பூச்சு மருந்தைத் தேடிப் போகாதீர்கள். முதலில் வைத்தியரிடம் போங்கள்.

வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்கள்

இரவு வியர்வையோடு இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு மெலிவது ஆகியவை இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது, மற்றவர்களுக்கும் தொற்றும்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், குளிர் உறைக்காமல் போவது என்றால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை தேவை. 45, 50 வயதை ஒட்டிய பெண்களுக்கு முகமும் கழுத்தும் திடீரெனச் சூடேறி வேர்ப்பது மாதவிடாய் நிற்கும் காலத்தோடு சேர்ந்தது. அதற்குத் தனியான சிகிச்சை உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுஒக்ஸெட்டின், சேர்ட்ரலின் போன்றவையும், வலிக்குக் கொடுக்கும் ட்ரமடோலும் வியர்வையைக் கூட்டும். புது மருந்து தொடங்கியபின் வியர்வை ஆரம்பித்திருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து உறையை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்று நிலைமைகளில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்குத் திடீரெனக் குளிர்ந்த வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் வந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சாயத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இது நடக்கும். 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்தபின் சாப்பாடு கொடுக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறும்.

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வியர்வை கொட்டினால் மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

மூன்றாவது மருந்தடிக்கும் தொழிலோடு சம்பந்தப்பட்டது. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் தோட்டங்களில் பூச்சிநாசினி அடித்தவருக்கு வியர்வையோடு வாயில் எச்சில் ஊறுதல், கண்ணீர், வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு வந்தால் அது நஞ்சு ஏறியதன் அறிகுறி. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் அழியாமல் தேங்குவதால்தான் இப்படி வருகிறது. உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். கழுவிவிடுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்று தெளிந்தபின்தான் பூச்சு மருந்து.

அலுமினியம் குளோரைட்: பூசத் தெரிந்தவருக்கே பலன்

பார்மசியில் போய் "வேர்வைக்கு ஏதாவது தாங்க" என்று கேட்டால் வாசனை ரோல்-ஒன் ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள். டியோடரண்ட் என்று எழுதியிருப்பது நாற்றத்தை மட்டும் மறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபர்ஸ்பிரண்ட் என்று எழுதியிருப்பது. ஆனால் கடை அலமாரியில் கிடைப்பது லேசான வியர்வைக்கே போதும். உங்களுக்கு வேண்டியது அலுமினியம் குளோரைட் ஹெக்ஸாஹைட்ரேட் 20 சதவீதக் கரைசல். இந்தப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிறிய டவுனில் இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லலாம், அல்லது கண்டிக்குப் போகிறவரிடம் சொல்லிவிடலாம். மெல்லிய தோல் உள்ளவர்கள் அக்குளுக்கு 10 முதல் 15 சதவீதத்தில் தொடங்குவது நல்லது. உள்ளங்கைத் தோல் தடிப்பானது என்பதால் அதற்கு வைத்தியர் சில வேளை 30 சதவீதமும் எழுதுவார்.

மருந்தில் உள்ள அலுமினிய உப்பு வியர்வை வழியின் வாய்க்குள் இறங்கி, அங்கே ஜெல் போலத் திரண்டு, குழாயில் தக்கை வைத்ததுபோல அடைத்துக்கொள்கிறது. தோல் ஈரமாக இருந்தால் அது உள்ளே இறங்குமுன் வெளியிலேயே தண்ணீரோடு சேர்ந்து ஐதரோகுளோரிக் அமிலமாக மாறும். எரிச்சலும் சிவப்பும் அதனால்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரே காரணத்தைச் சுற்றித்தான்.

1. இரவு படுக்கப் போகும்போதுதான் பூச வேண்டும். தூக்கத்தில் வியர்வை குறைவு, மருந்து உட்கார நேரம் கிடைக்கும். காலையில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனால் காசுக்குத்தான் நட்டம்.

2. சுடுதண்ணீரில் குளித்த கையோடு பூச வேண்டாம். மழையில் நனைந்து வந்து சுடுதண்ணீர் வார்த்துக்கொள்வது மலையகத்தில் வழக்கம்தான். ஆனால் அந்தச் சூட்டுக்கே சுரப்பி திறந்துகொள்ளும். குளித்து அரை மணி நேரமாவது போகட்டும்.

3. இடத்தைத் துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு மின்விசிறியில், அல்லது ஹெயார் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து 2 நிமிடம் காயவிடுங்கள். அடுப்படியில் கையை நீட்டிக் காயவைப்பது இங்கே எல்லாரும் செய்யும் காரியம். அந்த அனலே மறுபடி வேர்க்க வைத்துவிடும். இன்னொன்று, கரைசலில் மதுசாரம் இருக்கிறது, தீப்பற்றும். விறகடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் தூரத்தில் வைத்துத்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

4. மெல்லிய ஒரு பூச்சு போதும். ஓடும் அளவுக்கு ஊற்றினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். 5 நிமிடம் காயவிட்டு, பழைய பருத்தி உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். மருந்து துணியை இற்றுப்போக வைக்கும், கறையும் பிடிக்கும். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள்.

5. காலையில் எழுந்ததும், வேர்க்கத் தொடங்குமுன், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 6 மணிக்குப் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர் 5 மணிக்கே கழுவ வேண்டும்.

6. காய்ந்த நிலை வரும்வரை தினமும் இரவில் பூசுங்கள். அக்குளுக்கு ஒன்று இரண்டு கிழமை பிடிக்கும், கை காலுக்கு இன்னும் கூடலாம். காய்ந்தபின் கிழமைக்கு ஒன்றிரண்டு இரவுகள் போதும். அதையும் விட்டால் மறுபடி வரும். தோல் புதுப்பித்துக்கொள்ளும்போது அடைப்பும் கழன்றுவிடுகிறது.

அக்குள் முடி மழித்தவர்கள் இரண்டு நாள் கழித்தே பூச வேண்டும். காயம், சிரங்கு, வெடிப்பு உள்ள இடத்தில் பூசவே கூடாது. கொழுந்து பறிப்பவர்களின் ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் தேயிலைக் கறை ஏறி, குறுக்கே வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் இந்த மருந்து பட்டால் துடித்துப்போவார்கள். முதலில் சில இரவுகள் வஸ்லின் தடவி வெடிப்பை ஆற்றுங்கள், அல்லது வெடித்த கோட்டின் மேல் மட்டும் வஸ்லின் வைத்துவிட்டு மற்ற இடத்தில் பூசுங்கள்.

எரிந்தால் ஓரிரவு விட்டு ஓரிரவு பூசுங்கள். சிவந்து அரித்தால் காலையில் 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிரீமை இரண்டு மூன்று நாள் மெல்லிதாகத் தடவலாம். கொப்புளம் போட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இந்த மருந்து மார்புப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஒரு கதை உலவுகிறது. ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காகப் பூசியும் மாற்றமே இல்லையென்றால்தான் "வேலை செய்யவில்லை" என்று சொல்லலாம். மூன்று நாளில் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

தண்ணீரில் மின்னோட்டம் விடும் சிகிச்சை

கை காலுக்குப் பூச்சு போதாமல் போனால் அடுத்தது அயன்டோபொரிசிஸ். இரண்டு தட்டையான தட்டுகளில் தண்ணீர் விட்டு, கைகளை அமிழ்த்தி, மெல்லிய நேர் மின்னோட்டத்தை விடுவார்கள். கைக்கு 15 முதல் 20 மில்லி அம்பியர், ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். கிழமைக்கு 3 தடவையாக மொத்தம் 6 முதல் 10 தடவை செய்தபின் பெரும்பாலானவர்களுக்குக் கை காயும். பிறகு கிழமைக்கு ஒன்று என்று தொடர வேண்டும். எல்லா வைத்தியசாலையிலும் இந்தக் கருவி இருக்காது. தோல் கிளினிக்கிலும் பிசியோதெரபி பிரிவிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கருவி வாங்கி வீட்டில் செய்கிறவர்கள் மலையகத்தில் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். மலை ஊற்றுத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் மென்நீர், உப்புச் சத்து குறைவு. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. கருவியைக் கூட்டிக்கொண்டே போனாலும் கையில் ஒன்றும் உறைக்காது. தட்டில் உள்ள தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்தால் சரியாகிவிடும். தண்ணீர் விரல்களின் பக்கவாட்டுக்கு மேல் வரக் கூடாது. காயத்தின் மேல் வஸ்லின் தடவுங்கள், நகையைக் கழற்றுங்கள். மின்னோட்டம் ஓடும்போது கையைத் திடீரென்று தூக்கினால் சுள்ளென்று அடிக்கும். முதலில் கருவியைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், எலும்பு முறிவுக்குக் கையில் காலில் உலோகத் தகடு வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் செய்யக் கூடாது. பெட்டரி சார்ஜரையும் வயரையும் வைத்துத் தாமாகவே கருவி செய்யலாம் என்று கைபேசியில் வரும் காணொளிகளை நம்ப வேண்டாம். வீட்டு மின்சாரம் தண்ணீரில் இறங்கினால் உயிர் போகும்.

கால்: மழைக் காலத்துப் பாடு

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வருடக் கடைசியில் வரும் வடகீழ்ப் பருவத்தில் மழை கூடும். இந்த மாதங்களில் கால் வேர்ப்பவருக்கு உள்ளிருந்தும் ஈரம், வெளியிலிருந்தும் ஈரம். விளைவு இரண்டு. உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள், தாங்க முடியாத நாற்றம். இது பக்டீரியா தோலை அரிப்பதால் வருவது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, உரிந்து, அரிப்பது பூஞ்சணம், சேற்றுப்புண் என்போம். முதலாவதுக்கு வைத்தியர் எழுதும் கிளிண்டமைசின் போன்ற பூச்சு, இரண்டாவதுக்குக் குளோட்ரிமசோல் கிரீம். ஒன்றின் மருந்தை மற்றதற்குப் போட்டால் மாதக்கணக்கில் ஆறாது. கிரீமை அரிப்பு நின்றபின்னும் இரண்டு கிழமை தொடருங்கள். இவை ஆறியபின்தான் காலுக்கு அலுமினியம் குளோரைட்.

சப்பாத்து இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது மருந்துக்குச் சமம். நனைந்த சப்பாத்து இந்த ஈரக் காற்றில் ஒரே இரவில் காயாது. உள்தகட்டைக் கழற்றிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை ஒரு தடவை மாற்றுங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டே ஆக வேண்டியவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, காலைத் துடைத்து, காய்ந்த சொக்ஸ் மாற்றிக்கொள்ளட்டும். ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கூடவே எடுத்துப் போகலாம். நைலோன் சொக்ஸ் வேண்டாம். வாசனைப் பவுடர் வியர்வையில் களியாகி விரல் இடுக்கில் தங்கிவிடும்.

நமது ஊர்ப் பொருளே ஒன்று இங்கே உதவும். தேயிலையில் உள்ள டனின் தோலின் மேல்தளப் புரதத்தை இறுக்கும். 2 தேக்கரண்டித் தேயிலைத் தூளை அரை லீற்றர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, 2 லீற்றர் பச்சைத் தண்ணீர் கலந்து, பாதங்களை 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். ஒரு கிழமை தினமும் செய்யலாம். அலுமினியம் குளோரைட் அளவுக்கு வராது. லேசான கால் வியர்வைக்கும் நாற்றத்துக்கும் நல்லது. தோலில் கறை ஏறும் என்பதால் கைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

குளிசை

உடம்பெல்லாம் வேர்ப்பவர்களுக்கும், பூச்சும் மின்னோட்டமும் கைகொடுக்காதவர்களுக்கும் ஒக்சிபியூட்டினின் அல்லது கிளைக்கோபிரோலேட் குளிசையை வைத்தியர் எழுதுவார். ஒக்சிபியூட்டினினை 2.5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது வழக்கம். அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் வியர்வை குறையும். அதே காரணத்தால் வாய் காயும், மலம் இறுகும், சிறுநீர் தடைப்படலாம், கிட்டப் பார்வை மங்கலாம். ஒரு வகைக் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும், புரொஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபடும் ஆண்களுக்கும் ஆகாது. வயோதிபர்களுக்குக் குழப்பம் வரலாம்.

தேயிலை பெக்டரியில் டிரையர் பக்கம் நிற்கிறவர்களும், வெயிலில் மலையேறுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பு சூட்டை இறக்கும் வழியே வியர்வைதான். அதை மருந்தால் அடைத்துக்கொண்டு அனலில் நின்றால் உடம்பு கொதித்து மயக்கம் வரும். வேலை என்ன என்பதை வைத்தியர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எடுப்பதா, வேறு வழியா என்பதை அவர் தீர்மானிப்பார்.

மேடை ஏறும்போதும் நேர்முகப் பரீட்சையின்போதும் மட்டும் வேர்க்கிறவர்களுக்குப் புரொப்ரனலோல் உதவுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. அடுத்தவருடைய பிரஷர் குளிசைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவது மிக ஆபத்தானது.

ஊசியும் சத்திரசிகிச்சையும்

பொட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தோலுக்குள் ஊசியால் போடுவது அக்குளுக்கு நன்றாக வேலை செய்யும். ஒரு அக்குளுக்கு 50 அலகு, 10 முதல் 15 இடங்களில் குத்துவார்கள். பலன் பெரும்பாலும் அரை வருடத்துக்கு மேல் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். செலவு அதிகம். உள்ளங்கையில் போட்டால் வலியும் அதிகம், சில கிழமைகளுக்குப் பெருவிரல் பிடி தளரவும் கூடும். கொழுந்து கிள்ளுவதே பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும்தான். அந்தப் பிடி தளர்ந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் சம்பளம் குறையும். கொழுந்து எடுப்பவர்களுக்கும் தையல் வேலை செய்பவர்களுக்கும் இதை முதல் வழியாக நாங்கள் சொல்ல மாட்டோம்.

நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பரிவு நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சையால் கை உடனே காய்ந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முதுகு, வயிறு, தொடையில் வியர்வை கூடும். சிலருக்கு முன்பிருந்ததைவிடத் தொல்லையாகவும் போகும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து பார்த்தவர்கள் மட்டும், பக்கவிளைவைத் தெளிவாகக் கேட்டறிந்தபின் யோசிக்க வேண்டியது இது.

அன்றாடம் உதவும் சில

வெற்றிலையோடு போடும் பாக்கில் அரிக்கோலின் இருக்கிறது. வியர்வைச் சுரப்பியை அசிட்டைல்கோலின் எப்படித் தூண்டுமோ அதேபோல இதுவும் தூண்டும். பாக்குப் போட்டதும் உடம்பு சூடாகி நெற்றி வேர்ப்பது இதனால்தான். வாய்ப் புற்றுநோய்க்கும் பாக்கு காரணம் என்பதால் விடுவதற்கு இரண்டு நியாயம் இருக்கிறது. கட்டசம்பல் உறைப்பு முகத்தில் வேர்க்க வைக்கும். அடிக்கடி குடிக்கும் கடும் சாயமும் சிலருக்குக் கூட்டும், பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வழுக்கி காலை வெட்டிக்கொள்ளும் ஆபத்து கை வேர்ப்பவருக்குக் கூடுதல். பிடியில் பருத்தித் துணி அல்லது சைக்கிள் டியூப் சுற்றுங்கள். துணி நனைந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதாரண தர, உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மருந்தைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய இரவு மட்டும் பூசிப் பயனில்லை. ஜெல் பேனை ஈரத்தில் பரவும், போல்பொயின்ட் பேனையே நல்லது. கைக்கு அடியில் விரிக்க ஒரு லேஞ்சி (கைக்குட்டை) வைத்துக்கொள்ள மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வகுப்பில் கொப்பி நனைகிறது என்று அடி வாங்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர் ஒரு தடவை போய் ஆசிரியரிடம் இது நரம்புக் கோளாறு என்று விளக்கினாலே பாதி வியர்வை குறையும்.

கிளினிக்குக்குப் போகும்போது

தோட்ட டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை ஆகியவற்றில் உங்களுக்கு எது கிட்டவோ அதற்கு எழுதச் சொல்லலாம். கிளினிக் நாளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பேரை (கூலியை) விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், "இன்றைக்கு இல்லை" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை.

போகுமுன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இரவில் வேர்த்ததா. வியர்வை அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதை 1 முதல் 4 வரை எண் போட்டுக் குறியுங்கள். 1 என்றால் தெரியவே இல்லை, 2 என்றால் தாங்கலாம், ஆனால் சில வேளை இடைஞ்சல், 3 என்றால் தாங்குவது கஷ்டம், அடிக்கடி இடைஞ்சல், 4 என்றால் தாங்கவே முடியாது, எப்போதும் இடைஞ்சல். வைத்தியர்கள் பயன்படுத்தும் அளவும் இதுதான், மூன்றும் நான்கும் கடுமையானது. குடிக்கும் எல்லா மருந்தின் உறையையும், பூசிய மருந்தின் போத்தலையும், எத்தனை இரவு பூசினீர்கள் என்ற கணக்கையும் கொண்டுபோங்கள். அன்றைக்குக் காலையில் மட்டும் கையில் எதையும் பூசாமல் போங்கள், வைத்தியர் வியர்வையை நேரில் பார்க்கட்டும்.